ரோதையின் செவியும் திறவாத கதவும்: பெண்குரல் வலையொலிகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அண்மைக் காலத்தில் நமது திருச்சபைகளில் புதியதோர் ஆர்வம் தோன்றியிருப்பதைக் காண்கிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தினரும், சேகரத்து வாலிபப் பெண்களும், இறையியற் கல்லூரி மாணவியரும் ஒரு கைப்பேசியையும் சிறு ஒலிவாங்கியையும் முன்வைத்துக்கொண்டு, பெண்களின் குரலை உலகறியச் செய்வோம் என்று ஒலிப்பதிவில் இறங்குகின்றனர். பாட்காஸ்ட் என்றும், தமிழில் வலையொலி என்றும் வழங்கும் இவ்வூடகத்தின் பெயர் 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரை ஒன்றின் வழியாக வழக்கிற்கு வந்தது. வானொலி நிலையம் ஒன்றை எழுப்ப வேண்டுமாயின் கோபுரம் வேண்டும், அரசின் உரிமம் வேண்டும், பெரும் பொருள் வேண்டும். வலையொலிக்கோ இவை ஒன்றும் வேண்டா. எனவே தொடங்குவது எளிது. ஆனால் தொடங்கியவற்றுள் பல, ஓராண்டு நிறைவதற்கு முன்னரே ஓய்ந்துபோவதையும் நாம் பார்க்கிறோம்.

ஏன் ஓய்கின்றன? நேரமில்லை, பணமில்லை, கேட்பாரில்லை என்று காரணங்கள் கூறப்படுகின்றன. அவை பொய்யல்ல, ஆயினும் முழு உண்மையுமல்ல. ஒரு பணி எந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்டதோ, அவ்வெண்ணத்தின் பிழையே பெரும்பாலும் அப்பணியின் ஆயுளைக் குறைக்கிறது என்பது நமது கருத்து. பெண்குரலைப் பெருக்குதல் என்னும் எண்ணத்தை இறையியல் நோக்கில் நிறுத்துப் பார்ப்பதும், உலகில் நடந்தேறிய மூன்று முயற்சிகளை அதே துலாக்கோலில் இடுவதும், நமது சொந்தத் தோல்வி ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 'குரல் கொடுத்தல்' என்னும் சொல்லாட்சி

குரலற்றவர்களின் குரலாக இருப்போம் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் இச்சொற்றொடரில் ஓர் அகந்தை ஒளிந்திருக்கிறது. வயலில் நாற்று நடும் பெண்ணுக்குக் குலவையும் பாட்டும் உண்டு. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவனின் வரலாற்றையும் அவனால் தான் பட்ட துன்பத்தையும் ஊர் முழுவதும் கேட்கப் பாடுகிறாள். தொட்டிலருகே தாலாட்டுப் பாடும் தாய், தன் பிறந்த வீட்டின் பெருமையையும் புகுந்த வீட்டின் குறையையும் குழந்தையிடம் சொல்லிவிடுகிறாள். இவர்கள் குரலற்றவர்களா? இவர்களுடைய சொல் செல்லும் இடத்திற்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தொட்டிலருகே சொல்லலாம், பாடையருகே சொல்லலாம்; சேகரக் கமிட்டியிலும் ஊர்க்கூட்டத்திலும் சொல்லலாகாது.

காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் என்னும் வங்க அறிஞர், ஒடுக்கப்பட்டோர் பேச இயலுமா என்ற வினாவைத் தலைப்பாகக் கொண்டு 1988-இல் வெளியிட்ட கட்டுரை இறையியல் மாணவர்கள் பலரும் அறிந்ததே. அவர் எதிர்மறையாக விடை கூறியதைச் சிலர், ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கு நாவில்லை என்று கூறியதாகக் கொண்டனர். அது தவறு. அவள் சொல்வதைச் சொல்லென ஏற்றுக்கொள்ளும் செவியும் அமைப்பும் இல்லாத இடத்தில், பேச்சு பேச்சாக நிறைவேறுவதில்லை என்பதே அவ்விடையின் பொருள். ஆகவே குறை குரலில் அன்று, செவியில் இருக்கிறது. ஒலிபெருக்கி குரலைப் பெருக்கும்; செவியைத் திறக்காது. பெண்குரல் வலையொலி தொடங்க விரும்புவோர் முதலாவது இவ்வுண்மையை எதிர்கொள்ள வேண்டும்.

2. அப்போஸ்தலர் 12: ஒரு வேலைக்காரப் பெண்ணின் சாட்சி

திருமறையில் ஒலியினாலேயே நிகழும் ஓர் அரிய காட்சி அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் உண்டு. மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் சபையார் கூடி ஜெபிக்கின்றனர். சிறையினின்று விடுவிக்கப்பட்ட பேதுரு வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்னும் வேலைக்காரப் பெண் ஒற்றுக் கேட்க வருகிறாள். அவள் பேதுருவைக் காணவில்லை. குரலைக் கேட்டே அறிகிறாள். மகிழ்ச்சியினால் கதவைத் திறவாமல் உள்ளே ஓடி அறிவிக்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ அவளைப் பைத்தியம் என்கின்றனர். அவள் தான் சொன்னதிலேயே உறுதியாய் நிற்கிறாள். அது அவருடைய தூதனாயிருக்கும் என்று அவர்கள் விளக்கம் கூறுகின்றனர். இதற்கிடையில் பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.

இப்பகுதியை நாம் நகைச்சுவையாகப் பிரசங்கித்துக் கடந்துவிடுவதுண்டு. ஆயினும் நான்கு செய்திகள் இதில் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சபை ஜெபித்த ஜெபத்திற்கு விடை வந்திருப்பதை முதன்முதல் அறிந்தவள் அவ்வீட்டில் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த பெண். இரண்டாவது, அவளை நம்பாதவர்கள் அவிசுவாசிகள் அல்லர். ஜெபக்கூட்டத்தில் இருந்த பக்தர்கள். அவர்கள் அவளை மறுப்பதற்கு முதலில் அவளுடைய அறிவின் மேல் குற்றஞ்சாட்டினர். அது பலிக்காதபோது அவளுடைய செய்திக்கு ஓர் இறையியல் விளக்கம் கொடுத்து அதைச் செயலற்றதாக்கினர். மூன்றாவது, அவள் ஒருமுறை சொல்லி ஓயவில்லை, தொடர்ந்து சாதித்தாள். தொடங்குதலுக்கும் தொடர்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நான்காவது, அவள் கதவைத் திறக்கவில்லை. அறிவிப்பு நடந்தது, கதவோ மூடியே இருந்தது. தட்டியவர் உள்ளே வந்தது, கதவு திறந்த பின்னரே.

உயிர்த்தெழுதலின் செய்தியோடு வந்த பெண்களின் சொல் அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாய்த் தோன்றியதாக லூக்கா எழுதுகிறார் (24:11). அதே லூக்காதான் ரோதையையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறார். அவர் பெண்களைப் புகழ்ந்து எழுதினார் என்பதோடு நில்லாமல், அவர்களை நம்பாத ஆண்களையும் மறைக்காமல் எழுதினார் என்பதையும் நாம் கருத வேண்டும். கேட்கப்படாமையையும் பதிவு செய்வதே நேர்மையான பதிவு.

3. இலண்டன்: 1933-உம் 1946-உம்

வானொலியின் வரலாறு ரோதையின் கதையை மீண்டும் நடித்துக் காட்டியது. 1933-இல் பி.பி.சி. நிறுவனம் ஷீலா பொரெட் என்னும் பெண்மணியை அறிவிப்பாளராக அமர்த்தியது. எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியோருள் பெண்களும் பலர். சில மாதங்களுக்குள் அவர் அப்பணியினின்று விலக்கப்பட்டார். பெண்குரல் கீச்சென்று ஒலிக்கிறது, தெளிவில்லை என்பது அக்காலத்துப் பொதுவான குறைகூறல்.

இக்குறைகூறலில் கருவியின் பங்கும் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அக்காலத்து ஒலிபரப்பும் தொலைபேசியும் ஒலியின் ஒரு பகுதியை மட்டுமே கடத்தின. தொலைபேசிக்கு வகுக்கப்பட்ட எல்லை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. சகரம், ஸகரம் போன்ற உரசொலிகளின் தெளிவு இவ்வெல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் பெரிதும் தங்கியிருக்கிறது. பெண்களின் பேச்சில் அது இன்னும் மேலே செல்கிறது. ஆகவே வெட்டப்பட்டதில் பெண்குரலின் பங்கு மிகுதி. கருவி வெட்டிய பின் எஞ்சியதைக் கேட்டவர்கள், பெண்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். இது வானொலிக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியா? நமது கூட்ட ஒழுங்குகளும், பேசுவதற்கு நாம் ஒதுக்கும் நிமிடங்களும், நாம் ஏற்கும் மொழிநடையும் அவ்வாறே ஆண்குரலின் அளவுக்கு வெட்டப்பட்ட கருவிகள் அல்லவா?

1946 அக்டோபர் 7-ஆம் நாள் பி.பி.சி. 'உமன்ஸ் அவர்' என்னும் பெண்கள் நேரத்தைத் தொடங்கியது. அதை முதலில் நடத்தியவர் ஆலன் இவிமி என்னும் ஓர் ஆண். பெண்களுக்கான நிகழ்ச்சியை நடத்தவும் ஓர் ஆணே வேண்டியிருந்தது! ஆயினும் விரைவில் அப்பொறுப்பு பெண்களிடம் வந்தது. எண்பது ஆண்டுகளை எட்டும் அந்நிகழ்ச்சி இன்று வலையொலியாகவும் கிடைக்கிறது. வீட்டுப் பராமரிப்புக் குறிப்புகளோடு தொடங்கி, வெளியில் பேசத் தயங்கிய உடல்நலச் செய்திகளையும், சட்டத்தையும், ஊதியத்தையும் அது எடுத்துக்கொண்டது. அதன் நெடுவாழ்வுக்கு நிலையான நேரமும், நிலையான பொருளுதவியும், ஒரு தலைமுறை நடத்துநரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் பொறுப்பு கைமாறியதும் காரணங்கள். அதன் குறைபாடும் இவற்றிலிருந்தே பிறக்கிறது: பெருநிறுவனம் ஒதுக்கிய ஒரு மணி நேரத்திற்குள் பெண் நின்றாள். எஞ்சிய மணி நேரங்கள் யாருடையவை என்ற வினா நெடுங்காலம் கேட்கப்படவில்லை.

4. மாச்சனூர்: பத்தாண்டுக் காத்திருப்பு

இனி நம் நாட்டிற்கு வருவோம். இன்றைய தெலங்கானா மாநிலத்தின் சங்காரெட்டி மாவட்டத்தில், ஜஹீராபாத் அருகே மாச்சனூர் என்னும் சிற்றூரில் சங்கம் ரேடியோ இருக்கிறது. தக்காண வளர்ச்சிச் சங்கம் 1983 முதல் அப்பகுதியின் ஏழைப் பெண்களிடையே பணிபுரிந்து வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தலித் பெண்கள். சிறுதானியம் பயிரிடுவோர், விதைகளைக் காப்போர். ஊர்தோறும் அவர்கள் சங்கங்களாகக் கூடினர். அப்பணியை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் பி.வி. சதீஷ், அவர் முன்பு தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர், 2023 மார்ச்சில் காலமானார்.

1990-களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. பெண்கள் பதிவு செய்யவும், வெட்டி ஒட்டவும், நிகழ்ச்சி தொகுக்கவும் கற்றனர். ஆனால் ஒலிபரப்ப அரசின் உரிமம் இல்லை. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே சமுதாய வானொலி அனுமதிக்கப்பட்டது. அவ்வழியில் 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி முதலாவதாக ஒலித்தது. தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்ற கொள்கை 2006-இல்தான் வந்தது. சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15-ஆம் நாள், ஊரகப் பெண்கள் நாளில், ஒலிபரப்பைத் தொடங்கியது. 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவரான நீதிபதி பி.பி. சாவந்த் அதைத் தொடங்கி வைத்தார்.

இடைப்பட்ட ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அப்பெண்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்குப் பாடம். அவர்கள் பதிவு செய்வதை நிறுத்தவில்லை. பதிவுகளை ஒலிநாடாவில் எடுத்துச் சென்று சங்கக் கூட்டங்களில் இயக்கிக் கேட்டனர். கேட்டவர்கள் கருத்துச் சொன்னார்கள், திருத்தினார்கள், தங்கள் பாட்டையும் விதை அறிவையும் சேர்த்தார்கள். கோபுரம் வருவதற்கு முன் செவிகள் பழகின. ஒலிபரப்புத் தொடங்கியபோது கேட்போரைத் தேட வேண்டிய தேவை எழவில்லை. கூடிக் கேட்கும் பழக்கம் முந்தியது, ஒலிபரப்பு பிந்தியது. நமது வலையொலிகளிலோ இவ்வொழுங்கு தலைகீழாகிறது. முதலில் ஒலியை உலகெங்கும் வீசுகிறோம். பின்பு யாராவது கேட்டார்களா என்று எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்துபோகிறோம்.

மற்றொரு சிறப்பு மொழி. நகரத்துத் தெலுங்கு வானொலியின் மொழியாக இருந்த இடத்தில், அப்பெண்கள் தங்கள் ஊர்ப்பேச்சிலேயே பேசினர். திருந்திய மொழி பேசினால்தான் ஒலிவாங்கி முன் வரலாம் என்ற நிபந்தனை அங்கே இல்லை. நமது சபைப் பதிவுகளில் எளிய பெண் ஒருத்தி பேசத் தொடங்கும்போதே அவள் குரல் மாறி, ஜெபமொழிக்குள்ளும் பிரசங்க மொழிக்குள்ளும் ஒளிந்துகொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவளுக்கு அவ்வாறு பேசக் கற்பித்தவர்கள் நாமே.

சங்கம் ரேடியோவையும் குறையற்றதாகக் காட்ட நாம் விரும்பவில்லை. சமுதாய வானொலியின் எல்லை சில கிலோமீட்டர்களே. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அரசுக் கொள்கை இடந்தரவில்லை. வெளிநிதியும் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிழலும் இல்லாமல் அது எழுந்திருக்க முடியாது. ஆயினும், தொடங்குவதற்கு முன்னரே தொடர்வதற்கான அடித்தளத்தை இட்டது என்ற ஒன்றிலே, நாம் கண்ட முயற்சிகள் அனைத்திலும் அது சிறந்து நிற்கிறது.

5. அமெரிக்கா: சத்தியத்தின் மேசை

மூன்றாவது சான்று நம் துறைக்கே நெருங்கியது. 2017-இல் அமெரிக்காவில் மிஷெல் ஹிக்கின்ஸ், கிறிஸ்டினா எட்மண்ட்சன், எக்கெமினி உவான் என்னும் மூன்று கறுப்பினக் கிறிஸ்தவப் பெண்கள் 'ட்ரூத்ஸ் டேபிள்', அதாவது சத்தியத்தின் மேசை, என்னும் வலையொலியைத் தொடங்கினர். சீர்திருத்த இறையியல் மரபில் ஊன்றி நின்று, இனம், பாலினம், அரசியல், அன்பு, துக்கம் ஆகியவற்றைப் பேசினர். 2022-இல் அதே பெயரில் மூவரும் இணைந்து ஒரு நூலும் வெளியிட்டனர்.

இதன் தனிச்சிறப்பு, யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு. கறுப்பினப் பெண்களாகிய தங்களால் கறுப்பினப் பெண்களுக்காகவே அம்மேசை இடப்பட்டது என்று அவர்கள் கூறினர். மற்றவர்கள் நின்று கேட்கலாம். ஆனால் அவர்களுக்கு விளக்கம் கொடுப்பது இம்மேசையின் பணியன்று. இது குறுகிய மனம் என்று நமக்குத் தோன்றலாம். சற்றே சிந்தித்தால், எப்பொழுதும் ஆயருக்கும் கமிட்டிக்கும் நியாயஞ்சொல்லும் தொனியிலேயே பேசிப் பழகிய பெண்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு வேறுபட்டுப் பேசுவார்கள் என்பது புலப்படும். நெல் மார்ட்டன் என்னும் அமெரிக்கப் பெண் இறையியலாளர் 1985-இல் வெளியான தமது நூலில் விளக்கியது இதுவே: ஒருவர் மற்றவரை இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதனால் அவரைப் பேச்சுக்குள் கொண்டுவர முடியும். பேச்சு முந்தியது, கேட்டல் பிந்தியது என்னும் நமது வழக்கமான ஒழுங்கை அது மாற்றுகிறது.

அதே 2017-இல் திருச்சபையில் பெண்களின் நிலையைத் தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கலோடு ஒப்பிட்டு அவர்கள் பேசியபோது, சீர்திருத்த மரபினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு நாட்டு மக்களின் குருதி தோய்ந்த சொல்லை வேறொரு துன்பத்திற்கு எடுத்தாள்வதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் விவாதித்தோர் அச்சொல்லைப் பற்றி விவாதித்த அளவுக்கு, அப்பெண்கள் எடுத்துரைத்த அனுபவங்களைப் பற்றி விவாதித்ததாகத் தெரியவில்லை. சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவது, தூதனாயிருக்கும் என்று விளக்கம் சொன்ன ஜெபக்கூட்டத்தாரின் வழியே.

குறையும் உண்டு. மூவரும் கல்வியிற் சிறந்தவர்கள், நாவன்மை மிக்கவர்கள். உரையாடலின் இன்பமே இவ்வூடகத்தின் கவர்ச்சி. அக்கவர்ச்சி, பேசத் தெரிந்தவரை மேலும் பேசவைக்கும். திக்கித் திணறுபவரைப் பின்னே நிறுத்தும். மாச்சனூரில் மேசை இல்லை. எல்லாரும் தரையில் அமர்ந்தனர். மேசை இடுவோர், நாற்காலி இல்லாதவரை எண்ண வேண்டும்.

6. நமது தோல்வி

பிறரை நிறுத்துப் பார்த்த துலாக்கோலில் நம்மையும் இட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஊழியஞ்செய்த ஒரு சேகரத்தில் பெண்களின் சாட்சிகளைப் பதிவு செய்து வலையொலியாக வெளியிட முனைந்தோம். ஆலயத்தின் பின்புற அறையே பதிவுக்கூடம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு நடந்தது. தொடக்க ஜெபம் நம்முடையது, முடிவுரை நம்முடையது, இடையில் இன்னதை வைக்கலாம், இன்னதை நீக்கலாம் என்ற தீர்மானமும் நம்முடையதே. அப்போது அது நமக்கு இயல்பாகவே தோன்றிற்று.

பீடி சுற்றிப் பிழைக்கும் விதவைத் தாயார் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். கணவர் இறந்த பின்பு உறவினர் வீட்டைவிட்டு அவரை விலக்கியதையும், அவர் சபைப் பெரியவர்களிடம் முறையிட்டதையும், பொறுமையாயிருக்கும்படி அவர்கள் புத்தி சொல்லி அனுப்பியதையும், அதன்மேல் தமக்குள்ள கேள்விகளையும் சொன்னார். இடையிடையே அழுதார், கணவருக்காகப் பாடிய ஒப்பாரியில் சில அடிகளைப் பாடினார், இறுதியில், இம்மட்டும் நடத்திய தேவனுக்கு நன்றி கூறினார். நாம் அதைச் சுருக்கி ஒன்பது நிமிடமாக்கினோம். ஒப்பாரி இருந்தது; கண்ணீர் இருந்தது; நன்றி இருந்தது. சபைப் பெரியவர்களைப் பற்றிய பகுதி மட்டும், சபையின் சமாதானத்தை முன்னிட்டு, இல்லாமற் போயிற்று.

அயல்வீட்டாரின் கைப்பேசியில் அதைக் கேட்ட அத்தாயார் ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம்மிடம் வந்தார். கோபமாய்ப் பேசவில்லை. "ஐயா, நான் அழுததை எல்லாம் போட்டிருக்கீங்க. நான் கேட்டதை எங்கே போட்டீங்க?" என்றார்.

அதற்கு நம்மிடம் விடையில்லை. இத்தனை ஆண்டுகள் திருமறை விளக்கத்தைப் போதித்த நாம், ஒரு பெண்ணின் புலம்பலை வைத்துக்கொண்டு அவளுடைய வழக்கை வெட்டியெறிந்திருந்தோம். யோபின் நன்றியை வைத்துக்கொண்டு அவருடைய வாதத்தை நீக்கியிருந்தால் யோபுவின் புத்தகம் எத்தனை அதிகாரமாயிருக்கும்? செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன்பாக நின்று அழுதார்கள் என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், சுதந்தரம் கேட்டது எங்கே போயிருக்கும்? அவர்கள் கேட்டது நியாயம் என்று தேவனே சொன்னதாக எண்ணாகமம் 27 கூறுகிறது. நாமோ கேட்டதை நீக்கினோம்.

மீண்டும் பதிவு செய்யலாம் என்று அத்தாயாரிடம் மன்னிப்போடு வேண்டிக்கொண்டோம். "பதிவு வேண்டாம் ஐயா. கமிட்டியிலே பேச எனக்கு இடம் கொடுங்க," என்றார். கொடுத்தோம். கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். அவருடைய காரியம் முடிவுக்கு வர இரண்டு ஆண்டுகள் சென்றன. முடிவும் அவர் கேட்ட அளவுக்கு அமையவில்லை. நமது வலையொலியோ ஒன்பது தொடர்களோடு நின்றுவிட்டது. நேரமின்மையால் நிறுத்தப்பட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதே உண்மை. நான்கு நிமிடச் சாட்சி சொல்ல அவர்களுக்கு வேறு மேடைகள் உண்டு. கேள்வி கேட்க இடம் கிடைக்கும் என்றெண்ணியே நம்மிடம் வந்திருந்தார்கள்.

7. தொடங்குவோர்க்கும் தொடர்வோர்க்கும்

மேற்கூறியவற்றினின்று சில அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம். இவை நம் தவற்றிலிருந்து கற்றவை.

(அ) கத்தரிக்கோல் யார் கையில்? பேசுபவர் பெண் என்பதனால் ஒரு வலையொலி பெண்குரலாகிவிடாது. எதை வைப்பது, எதை நீக்குவது என்று தீர்மானிப்பவர் பெண்ணாயிருக்க வேண்டும். தொகுத்ததை வெளியிடுமுன் பேசியவர் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். தளங்களில் அதைப் பதிந்துவைக்கும் கணக்கும் கடவுச்சொல்லும் ஆயரின் பெயரிலன்றிப் பெண்கள் குழுவின் பெயரில் இருக்கட்டும். ஆயர் மாற்றலாகிச் செல்லும்போது பணியும் உடன் சென்றுவிடுவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

(ஆ) பாதுகாப்பு. பெயரை மறைத்தாலும் குரல் மறையாது. ஒரு சிற்றூரில் இரண்டு வாக்கியம் கேட்டாலே இன்னாரென்று அறிந்துவிடுவார்கள். ரோதை குரலைக் கொண்டே பேதுருவை அறிந்தாள். ஏரோதின் சேவகரும் அவ்வாறே அறிந்திருக்கக்கூடும். வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணின் பதிவு அவளுக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவள் சொல்வதை வேறொருவர் வாசிக்கலாம். அல்லது பதிவே செய்யாமல் விடலாம். வெளியிட்ட பின்னும் நீக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. எனினும் இணையத்தில் ஒருமுறை பரவியதை முழுவதும் மீட்க இயலாது என்பதை முன்னரே அவளிடம் சொல்லிவிட வேண்டும். ஆயரிடம் இரகசியமாய்ச் சொல்லப்பட்டது எக்காரணத்தாலும் ஒலிவாங்கிக்குச் செல்லலாகாது.

(இ) உழைப்பும் பொருளும். அரை மணி நேர நிகழ்ச்சிக்குப் பின்னே பல மணி நேர உழைப்பு இருக்கிறது. வீட்டு வேலையும் கூலி வேலையும் முடித்து வரும் பெண்களிடம் வாரந்தோறும் அதைக் கேட்பது, குரலைப் பெருக்குகிறோம் என்னும் பெயரில் சுமையைப் பெருக்குவதாகும். மாதம் ஒன்று போதும். ஆறு தொடர்கள் முடிந்ததும் ஓய்ந்து, கேட்டவர்களைக் கூட்டிப் பேசி, மறுபடியும் தொடங்கலாம். செலவுக்குப் பெருங்கொடையாளரைத் தேடுவதினும் நம் தாய்மாரின் பிடியரிசி வழக்கமே நல்வழி காட்டுகிறது. சமைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்த பெண்கள் ஊழியரைத் தாங்கினார்கள், ஆலயங்களையும் கட்டினார்கள். சிறிது சிறிதாய்ப் பலர் கொடுப்பதில், கொடுத்தவர்க்கு உரிமையும் உண்டு. ஒருவர் கைவிட்டால் பணி நின்றுபோவதும் இல்லை.

(ஈ) வழிவழிக் கல்வி. எரேமியா 9-ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை அழைக்கும்படி தேவன் கூறுகிறார். அதோடு, தங்கள் குமாரத்திகளுக்கும் தோழிகளுக்கும் புலம்பலைக் கற்றுக்கொடுக்கும்படியும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. குரல் தொடர்வதற்குத் திருமறை காட்டும் வழி இது. நன்றாய்ப் பேசும் ஒருவரை வைத்து நூறு தொடர் நடத்துவதினும், ஒவ்வொரு தொடரிலும் மற்றொருவர் பதிவுக் கருவியைக் கையாளக் கற்பது மேல்.

(உ) கதவு. இதுவே தலையாயது. ஒவ்வொரு பதிவும் சபையைப் பார்த்து ஏதோ ஒன்றைக் கேட்கிறது. அதற்குச் சபை என்ன விடை கொடுத்தது? கமிட்டியில் அது எடுக்கப்பட்டதா? பிரசங்கத்தில் ஒரு சொல் மாறியதா? விடையில்லாத பதிவுகள் பெருகப் பெருக, பேசுவதனால் பயனில்லை என்பதைப் பெண்களுக்கு நாமே கற்பித்தவர்களாவோம். பெண்களின் ஊதியம் பெறாத ஊழியத்தால் வளர்ந்த நம் சபைகளில், 2013-இல் எகோனி புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது ஒரு கதவு திறந்த நிகழ்ச்சி. ஆயினும் சேகரக் கமிட்டிகளின் கதவுகள் எத்தனை திறந்திருக்கின்றன என்பதை ஒவ்வொரு ஆயரும் தம் சேகரத்தில் எண்ணிப் பார்க்கட்டும்.

முடிவுரை

சமாரியப் பெண்ணின் சொல்லைக் கேட்டு வந்த ஊரார், பின்பு தாங்களே இயேசுவின் உபதேசத்தைக் கேட்டு அறிந்ததாக அவளிடம் கூறுகின்றனர் (யோவான் 4). அவளுடைய சொல் அவர்களை ஓரிடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஊரார் கிணற்றடிக்கு எழுந்து வந்தார்கள் என்பதே அச்சாட்சியின் வெற்றி. அவர்கள் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு, நன்றாய்ச் சொன்னாய் என்று பாராட்டி அனுப்பியிருந்தால் யோவான் 4-ஆம் அதிகாரம் வேறுவிதமாய் முடிந்திருக்கும்.

இளம் ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. உங்கள் சேகரத்துப் பெண்கள் வலையொலி தொடங்க வந்தால் தடை செய்யாதீர்கள். முன்னுரை சொல்லவும் முந்தாதீர்கள். கருவி வாங்குமுன் ஓராண்டு அவர்களோடு தரையில் அமர்ந்து கேளுங்கள். பதிவு தொடங்கிய பின், நீக்கச் சொல்ல உங்கள் கை எழும் இடங்களைக் குறித்து வையுங்கள். உங்கள் சேகரத்தில் மூடியிருக்கும் கதவுகள் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே இருக்கும்.

அத்தாயார் இன்றும் அவ்வூரில் பீடி சுற்றுகிறார். அவருடைய நாற்பது நிமிடப் பதிவு இன்னும் நம்மிடம் இருக்கிறது. அது அவருடையது என்று அறிந்து, அதன் படியை அவரிடம் ஒப்படைத்துவிட்டோம். அதை என்ன செய்வது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அவர் சொல்லும்வரை காத்திருப்பதே நாம் இப்பொழுது செய்யத்தக்கது.